நாலு பேர், ஒரு வெப்சைட், ரெண்டு தொண்டி!

காலேஜ் நோட்டீஸ் போர்டுல 'வெப் டிசைனிங் போட்டி'ன்னு ஒரு பேப்பர் ஒட்டினதும் என்ன நடக்கும்? கோடிங் தெரிஞ்ச ஒருத்தன், டிசைன் பண்ற ஒருத்தி, நாலு வரி தப்பில்லாம எழுதத் தெரிஞ்ச ஒருத்தர், கேன்டீன்ல அக்கவுன்ட் வச்சிருக்கற ஒருத்தர்... டீம் ரெடி! அடுத்து டாபிக். 'குளோபல் வார்மிங்'னு ஒரு குரல் வரும். 'ஓகே மச்சி'ன்னு இன்னொரு குரல் வரும். அப்புறம் பத்து சைட்டைத் திறந்து, எடுத்து, ஒட்டி, கலர் மாத்தி, மேல ஒரு பூமி உருண்டையைச் சுத்தவிட்டா முடிஞ்சுது. ப்ரைஸ் வந்தாலும் சரி, வராட்டாலும் சரி, அடுத்த மாசம் அந்த சைட்டை நீங்களே திறந்து பார்க்க மாட்டீங்க!

இந்தத் தடவை ஒரு மாற்றம் பண்ணுவோமா? டாபிக்கைத் தேடி கூகுளுக்குப் போகாம, பஸ் ஏறுவோம். மதுரை மாட்டுத்தாவணியில ஏறினா சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை... அப்புறம் ரோடு கடல்ல முட்டி நிக்கும். அந்த இடம்தான் தொண்டி. ராமநாதபுரம் மாவட்டம், திருவாடானை தாலுகா.

'அங்க என்னப்பா இருக்கு?'ன்னு கேக்கறீங்களா? சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தப் போட்டிகளோட தாத்தாவைப் பற்றி ரெண்டு வார்த்தை. தொண்டியில போய் என்ன செய்யணும்ங்கறதுக்கு அவர்தான் வழி காட்டறார்.

1996இல் அமெரிக்காவில் 'திங்க்குவெஸ்ட்' என்று ஒரு போட்டி ஆரம்பித்தது. ஆலன் வைஸ் என்பவரின் தலைமையில் இருந்த ஒரு லாப நோக்கமில்லாத நிறுவனம் அதைத் தொடங்கியது. விஷயம் சிம்பிள். பள்ளி மாணவர்கள் டீமாகச் சேர்ந்து ஒரு பாடத்தை எடுத்து, மற்ற மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி ஒரு வெப்சைட் கட்ட வேண்டும். வழிகாட்ட ஒரு ஆசிரியர் இருப்பார், ஆனால் வேலை முழுக்க மாணவர்களுடையது. சீக்கிரமே உலகத்துக்கே கதவு திறந்தார்கள். ஒரு டீமில் ஒருத்தர் ஒரு நாட்டில், இன்னொருத்தர் வேறு நாட்டில். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே ஈ-மெயிலில் பேசி சைட் கட்டினார்கள். 2002இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கல்வி அறக்கட்டளை இதை எடுத்து நடத்த ஆரம்பித்தது. ஜெயித்த டீம்களை சான் பிரான்சிஸ்கோவுக்கு அழைத்து விழா எடுத்தார்கள். பசங்க கட்டின சைட்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து ஒரு நூலகமே ஆகிவிட்டது.

இதே காலத்தில் தனி ஆவர்த்தனமும் நடந்தது. ஆரோன் ஸ்வார்ட்ஸ் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. 1999இல், 12 வயதில், யார் வேண்டுமானாலும் தகவல் சேர்க்கலாம் என்கிற மாதிரி ஒரு கலைக்களஞ்சிய சைட் செய்து, இளைஞர்களுக்கான 'ஆர்ஸ்டிஜிட்டா' பரிசு வாங்கினார். விக்கிப்பீடியா பிறந்ததே 2001 ஜனவரியில்தான்! இந்தப் பையன் அதுக்கு முன்னாடியே யோசிச்சுட்டான்.

சரி, அந்த திங்க்குவெஸ்ட் நூலகம் இப்ப எங்கே? இல்லை. 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். ராத்திரி பகலா கண்முழிச்சு கட்டின சைட்கள், அந்த முகவரியில் போனால் ஒன்றுமே கிடைக்காது. கொஞ்சம் மட்டும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்கிற இணைய ஆவணக் காப்பகத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது. வேடிக்கை என்னன்னா, அந்தக் காப்பகமும் அதே 1996இல்தான் ஆரம்பித்தது. ஒரு பக்கம் கட்டிக்கொண்டே இருந்தார்கள், இன்னொரு பக்கம் ஒருவர் சத்தமில்லாமல் நகல் எடுத்துக்கொண்டே இருந்தார்.

நம்ம ஊருக்கு வாங்க. 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதையொட்டி தமிழக அரசும் தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்கு கட்டுரைப் போட்டி வைத்தார்கள். வெப்சைட் போட்டிக்கு அது ரொம்ப நெருங்கின சொந்தம்! இதில் எனக்குப் பிடித்த விஷயம், போட்டி முடிந்த பிறகும் எழுதினது நிற்க ஒரு இடம் இருந்தது என்பதுதான். திங்க்குவெஸ்ட்ல ஜெயிச்சவங்களுக்கே அது கிடைக்கலையே!

இப்ப தொண்டிக்கு வருவோம்.

கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து 'தொண்டி வரலாறு'ன்னு தேடிப் பாருங்க. கொட்டும்! சங்க இலக்கியத்தில் பாடப்பட்ட துறைமுகம், கிரேக்கர்கள் எழுதின 'திண்டிஸ்' இதுதான், ஐங்குறுநூற்றில் 'தொண்டிப் பத்து' என்று தனிப் பகுதியே இருக்கிறது... படிக்கப் படிக்க புல்லரிக்கும். டீம்ல இருக்கற டிசைனர் உடனே ஒரு கிரேக்கக் கப்பல் படத்தை எடுத்து முகப்பில் போட்டுடுவார்.

கொஞ்சம் பொறுங்க பாஸ்! அது இந்தத் தொண்டி இல்லை.

தொண்டி என்று ரெண்டு ஊர். சங்கப் பாடல்களில் பெரும்பாலும் வருவது சேர மன்னர்களின் தொண்டி, மேற்குக் கடற்கரை. 'தொண்டிப் பத்து' பாடிய அம்மூவனார் சொல்வதும் அதைத்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு பெயர் தெரியாத கிரேக்க வணிகர் எழுதின 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பு, திண்டிஸ் சேர நாட்டில் இருக்கிறது, அங்கிருந்து முசிறி 500 ஸ்டேடியா தூரம் என்று தெளிவாகவே சொல்கிறது. முசிறி கேரளத்தில் கொடுங்கல்லூர் பக்கம். திண்டிஸ் எது என்பதற்கு கடலுண்டி, பொன்னானி என்று ஆய்வாளர்கள் கைகாட்டும் இடங்களும் கேரளத்தில்தான் இருக்கின்றன. ஆக, அந்தக் கிரேக்கக் கப்பலை முகப்பிலிருந்து எடுத்துடுங்க.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன் தெரியுமா? ஒரு டீம் தப்பா போட்டா, அடுத்த டீம் அதை எடுத்து ஒட்டும். அதை இன்னொருத்தர் ஒட்டுவார். கடைசியில் தொண்டியில் எட்டாவது படிக்கிற ஒரு பொண்ணு தன் ஊரைப் பற்றி ப்ராஜெக்ட் எழுத உட்கார்ந்தால், அவளுக்குக் கிடைப்பது நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வேறொரு ஊரின் கதை. அவள் ஊருக்கு என்று ஒரு சொந்தக் கதை இருக்கும்போது, இரவல் கதை எதுக்கு?

அந்தச் சொந்தக் கதைக்கு ஒரு சூப்பர் க்ளூ இருக்கு. சிலப்பதிகாரத்தில், மதுரைக் காண்டத்தின் ஊர்காண் காதையில் ஒரு இடம். தொண்டிக்காரர்கள் மரக்கலங்களில் கொண்டுவந்த அகில், பட்டு, சந்தனம், கற்பூரம் இதன் மணத்தையெல்லாம் சுமந்துகொண்டு ஒரு காற்று மதுரைக்குள் நுழைகிறது என்று இளங்கோ சொல்கிறார். (மூலத்தைத் தேடி லைப்ரரிக்கு ஓடணும்னு இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' தளத்தில் இலவசமாகவே இருக்கிறது.) அந்தக் காற்றுக்கு அவர் கொடுக்கும் பெயர் கொண்டல்.

கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து வீசும் காற்று. மதுரையில் நின்றுகொண்டு கிழக்கே திரும்புங்க. நேரே போனா என்ன ஊர் வரும்? சேரநாட்டுத் தொண்டியிலிருந்து வர வேண்டுமென்றால் அது மேற்குக் காற்றாக அல்லவா இருந்திருக்கணும்! இந்த வரியைக் கிழக்குத் தொண்டிக்குச் சான்றாகச் சொல்கிறவர்கள் பிடித்துக்கொள்வது இந்த ஒற்றைச் சொல்லைத்தான். எல்லா உரைகாரர்களும் ஒரே மாதிரி சொல்லவில்லை என்பதையும் உங்க சைட்ல மறக்காம போடுங்க. ஜட்ஜ் யாராவது தமிழ்ப் பேராசிரியராக இருந்தால் மடக்குவார்!

இந்த இடத்தில்தான் பஸ் டிக்கெட்டுக்கு அர்த்தம் வருது. கொண்டல்னா என்னன்னு அகராதியில் பார்க்கலாம். ஆனால் தொண்டி கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரிடம் போய், "அண்ணே, காத்துக்கெல்லாம் என்ன பேரு சொல்லுவீங்க?" என்று கேட்டுப் பாருங்க. ('சார்'னு கூப்பிட்டு மைக்கை நீட்டினா முதல் கேள்வியே அவுட். அண்ணே, அய்யா, பாய்... ஆளைப் பார்த்துக் கூப்பிடுங்க.) இந்தக் கரையோரத்துப் பேச்சில் வாடை, கச்சான், சோழகம், கொண்டல் என்று திசைக்கு ஒரு பேர் உண்டு. வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு. இளங்கோ எழுதின சொல் இன்னமும் டூட்டியில இருக்கு! எந்த மாசம் எந்தக் காத்து, எந்தக் காத்துக்கு எந்த மீன், எந்தக் காத்தில் கடலுக்குப் போகக்கூடாது... இதெல்லாம் எந்த சைட்டிலும் எடுத்து ஒட்ட முடியாது. அவர் குரலிலேயே பதிவு பண்ணி, அனுமதி கேட்டு, உங்க சைட்ல ஒரு பக்கமா வையுங்க. உங்க டீமுக்கு வேற எதுவுமே கிடைக்காட்டாலும் இது ஒண்ணு போதும்.

கடலைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாந்து போவீங்க, முன்னாடியே சொல்லிடறேன். மெரினா மாதிரி அலை புரண்டு வந்து அடிக்காது. ஏதோ பெரிய கண்மாய் மாதிரி அமைதியா கிடக்கும். இது பாக் விரிகுடா. அந்தப் பக்கம் இலங்கை அணை கட்டின மாதிரி நிற்கிறது. ஆழமும் ரொம்பக் குறைவு, பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டர்கூட இருக்காது. பெரிய நவீனக் கப்பல்களுக்கு இந்த ஆழம் போதாது. ஆனா பாய்மரக் காலத்துச் சின்ன மரக்கலங்களுக்கு இந்த அமைதி பெரிய வசதி.

ஆழமில்லாத, வெளிச்சம் அடிவரை போகிற தண்ணீர் என்பதால் அடியில் கடற்புல் வளர்கிறது. புல் இருந்தால் மேய மாடு வேணுமே? இருக்கு! கடல்பசு. மீனவர்கள் 'ஆவுளியா' என்பார்கள். கடற்புல்தான் அதற்கு முக்கிய ஆகாரம். 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது, இந்தியாவிலேயே முதல் தடவையாக. அது தொண்டிக்கு வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டக் கடலில். உங்க சைட்ல 'தொண்டியில் கடல்பசு சரணாலயம்'னு போட்டுடாதீங்க, ஏற்கெனவே ஒரு குழப்பம் போதும். கடல் குதிரையும் இந்தக் கடலில் உண்டு. வலையில் வேறு மீனோடு சேர்ந்து வந்துவிடும். 2001இல் கடல் குதிரையையும் கடல் அட்டையையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகு பிடிப்பதும் விற்பதும் குற்றம். இதனால் வருமானம் போனவங்களும் இந்தக் கரையில்தான் இருக்காங்க. சட்டத்தை மட்டும் எழுதிட்டு அவங்களை விட்டுட்டா பாதிக் கதைதான்.

இதையெல்லாம் சரிபார்க்க ஆள் வேணுமே? தொண்டியிலேயே இருக்காங்க! காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் மற்றும் கடலோரவியல் துறை இங்கேதான் தன் வளாகத்தை வைத்திருக்கிறது. கடலைப் படிக்கிறவங்க கடலோரத்திலேயே உட்கார்ந்திருக்கறது எவ்வளவு பொருத்தம் பாருங்க. காலேஜ் லெட்டர்பேடில் முன்கூட்டியே கடிதம் எழுதி, என்ன கேட்கப் போறீங்கன்னு தெளிவா சொல்லி, நேரம் வாங்கிட்டுப் போங்க. திடீர்னு பத்துப் பேர் கேமராவோட போய் நின்னா வாட்ச்மேன் அண்ணன் சுண்டல் வாங்கித் தரமாட்டார்.

டீமில் ஒருத்தருக்குக் கல்வெட்டு ஆசை இருந்தால், ஈ.சி.ஆரில் வடக்கே கொஞ்சம் போங்க, தீர்த்தாண்டதானம் வரும். அங்கே உள்ள சிவன் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, இந்தப் பகுதியில் கூடிய வணிகக் குழுக்களைப் பேசுகிறது. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற பெயர்கள் அதில் வருகின்றன. அஞ்சுவண்ணம் என்பது அரபிக்கடல் தாண்டி மேற்கிலிருந்து வந்த வணிகர்களின் குழு. பிற்காலத்தில் முஸ்லிம் வணிகர்களையே அதிகம் குறித்தது. யோசிச்சுப் பாருங்க, சிவன் கோயில் சுவரில், கோயில் சம்பந்தப்பட்ட ஒரு முடிவில், கடல் தாண்டி வந்த வணிகர்களும் பங்கு. இன்றைக்கும் தொண்டித் தெருவில் நடந்தால் பாங்கு சத்தமும் கேட்கும், கோயில் மணியும் கேட்கும். எனக்குக் கேட்டால், கிரேக்கக் கப்பலைவிட இதுதான் உங்க முகப்புப் படம்.

கல்வெட்டைப் பார்த்து நீங்களே படிச்சுச் சொல்றேன்னு கிளம்பாதீங்க. சுண்ணாம்பு தடவறது, சாக்பீஸ் தேய்க்கறது எல்லாம் கூடவே கூடாது. அச்சில் வந்த பாடத்தை லைப்ரரியில் எடுத்து, போட்டோவோடு சேர்த்து வச்சுப் பாருங்க.

இன்னும் நிறைய இருக்கு. திருவாடானையில் தேவாரப் பாடல் பெற்ற கோயில், 1693இல் அருளானந்தர் கொல்லப்பட்ட ஓரியூர், தெற்கே தேவிபட்டினம். அதையும் தாண்டி, வைகை கடலில் சேரும் பக்கம் அழகன்குளம். அங்கே தமிழக தொல்லியல் துறை தோண்டியபோது ரோமக் காசுகளும், கப்பல் படம் கீறின பானை ஓடும் கிடைத்தன. கிரேக்க, ரோமக் கதை வேணும்னு அடம்பிடிக்கிற டிசைனரை அங்கே அனுப்பி வையுங்க. நிஜமாவே இந்தக் கரையில் கிடைத்த ஆதாரம்! ஆனா எல்லாத்தையும் ஒரே சைட்ல திணிக்காதீங்க. நாலு பேர், நாலு பக்கம், போதும்.

ஒரு சுவாரசியம் சொல்லட்டுமா? மூணாறு டூர் போயிருப்பீங்க. போடிமெட்டு வழியா ஏறினீங்களே, அந்த ரோடு என்.ஹெச். 85. கொச்சியில் தொடங்கி மூணாறு, போடி, தேனி, மதுரை, சிவகங்கை வழியா வந்து தொண்டியில் முடிகிற தேசிய நெடுஞ்சாலை. முசிறி இருந்த கரையையும் கிழக்குத் தொண்டியையும் இன்றைக்கு ஒரே ரோடு இணைக்கிறது! ரெண்டு தொண்டியையும் விளக்க இதைவிட நல்ல மேப் உங்களுக்குக் கிடைக்காது. மேப்பின் இந்த முனையில் ஒரு புள்ளி, மேற்குக் கரையில் கொச்சிக்கு வடக்கே இன்னொரு புள்ளி. குழப்பம் தீர்ந்தது.

சைட்டை எப்படிக் கட்டறதுன்னு உங்களுக்குச் சொல்ல நான் யார்? ரெண்டே ரெண்டு விஷயம். ஒண்ணு, தமிழ்ல எழுதுங்க, யூனிகோடில் எழுதுங்க. ஒரு காலத்தில் தமிழ் சைட்னா ஆளுக்கொரு ஃபான்ட், டாப், டாம், டிஸ்கி... 'முதலில் எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்'னு வாசல்லயே ஒரு போர்டு. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல அந்தப் பக்கங்களைத் திறந்தால் சீன மந்திரம் மாதிரி தெரியும். யாரோ உட்கார்ந்து தட்டினது அத்தனையும் வீண். ரெண்டாவது, சைட் ரெடியானதும் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் இன்டர்நெட் ஆர்க்கைவின் 'வேபேக் மெஷின்'ல கொடுத்துச் சேமிச்சுடுங்க. காசு கிடையாது. ஹோஸ்டிங்குக்கு அடுத்த வருஷம் யார் பணம் கட்டறதுன்னு டீம்ல சண்டை வரும், வந்தே தீரும். ஆதாரத்தோடு சரிபார்த்த தகவல்களை தமிழ் விக்கிப்பீடியாவின் தொண்டி கட்டுரையிலும் சேர்த்துவிடுங்க. அந்த எட்டாம் வகுப்புப் பொண்ணு முதல்ல திறக்கப் போறது அதைத்தான்.

போட்டி எங்கே இருக்குன்னு தேடறீங்களா? உங்க காலேஜ் சிம்போசியமே போதும். பெரிசா போகணும்னா 2017இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான் இருக்கு. டீமுக்கு ஆறு பேர், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கணும்னு விதி. நாலு பேரோட இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்குங்க. 'காத்துப் பேர்' பதிவு பண்ணப் போறப்ப பொண்ணுங்க கூட இருந்தா, கரையில் நண்டு வலை பிரிக்கிற அம்மாக்களும் பேசுவாங்க. பசங்க மட்டும் போனா ஆம்பளைங்க கதை மட்டும்தான் கிடைக்கும்.

எப்ப போகலாம்? ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், வலை பழுது பார்க்கும் வேலை நடக்கும், பேச ஆளும் நேரமும் இருக்கும். உங்களுக்கும் செமஸ்டர் முடிஞ்சு லீவு. வெயில் மட்டும் பின்னி எடுக்கும். விடியற்காலையில் கரையில் இருக்கற மாதிரி முதல் நாள் சாயங்காலமே போய்ச் சேருங்க. தொப்பி, தண்ணி பாட்டில், போனுக்கு ஃபுல் சார்ஜ். அப்புறம் மறக்காம, முதல் கேள்வி: "அண்ணே, இப்ப வீசுதே, இது என்ன காத்து?"